வீடு தேடி வந்த பாட்டும் பக்கம் பிரிந்த கோயிலும்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் தேங்கிய மழைநீர் வடிந்து, வெயில் ஏறி, மறுபடி உப்பு விளையும்வரை காத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் விடியுமுன் பாத்தியில் இறங்கி, கண் கூசக் கூச உப்பு வாரும் நம் மக்களுக்கு மழை மாதங்களில் வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. கிறிஸ்துமஸ் வருவது அந்த நேரத்தில்தான். டிசம்பர் பிறந்ததும் காலனித் தெருக்களில் பாட்டுக் குழு புறப்படும். ஒரு டோலக், ஒரு ஜால்ரா, பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டு வாசலில் நின்று இரண்டு பாட்டுப் பாடுவார்கள். வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தேநீரோ, ஒரு பிடி முறுக்கோ கொடுப்பார். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே இரண்டடி தூரம்தான்.

வீடு தேடிப் பாடும் வழக்கம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைக் காணப் போகும் பாணர்களுக்கு வழி சொல்கிறது. அந்த வழியில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த ஊரில் பாணர்களுக்குக் கள்ளும் சுட்ட மீனும் கொடுத்து உபசரிப்பவர்கள் கரையோரத்துக் குடிசைக்காரர்கள். உப்பு வண்டியோடு போகும் உமணரும் அந்தப் பாட்டில் வருகிறார்கள். பாடுகிறவரை வீட்டுக்குள் அழைத்துச் சோறு போடும் பண்பு இந்த மண்ணில் அவ்வளவு பழையது.

இன்று டிசம்பர் இரவுகளில் நாம் பாடும் பாட்டுகளில் பல புதியவை. சில மட்டும் 200 ஆண்டுப் பழமை கொண்டவை. தாத்தா பாடி, அப்பா பாடி, நாமும் பாடுகிற அந்தக் கீர்த்தனைகளில் பலவற்றை எழுதியவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். பள்ளிப் பாடத்தில் வரும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. அவர் 1879-ல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்ட முன்சீப். சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். அவருடைய பாட்டு நம் வாயில் இருக்கிறது. அவருடைய வாழ்க்கை நம்மில் பலருக்குத் தெரியாது. அதை முழுதாகத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

திருநெல்வேலியிலிருந்து தஞ்சைக்கு

வேதநாயகம் 1774 செப்டம்பர் 7 அன்று திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தேவசகாயம் பிள்ளை சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்; தமிழ்ப் புலமை உள்ளவர். 1785-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ், பையனின் அறிவைக் கண்டு தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அப்போது வேதநாயகத்துக்கு வயது 11.

சுவார்ட்ஸிடம் படித்த இன்னொரு பையனும் உண்டு. பிற்பாடு தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜிதான் அவர். வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவர். ஒருவர் அரண்மனைக்கும் மற்றவர் பள்ளிக்கூடத்துக்கும் போனாலும் பழைய பழக்கம் விடவில்லை. வேதநாயகம் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனாரிகளிடமும் படித்தார். வேதாகமத்தோடு வானியல், பூகோளம், உடற்கூறு ஆகியவற்றையும் கற்றார். தஞ்சைக்குத் திரும்பி, இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியரானார்.

அவர் பாடல் எழுதத் தொடங்கிய காலத்தில் தஞ்சாவூர் ஒரு பெரிய இசைப் பட்டறை. தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதம் எல்லாம் ஒரே ஊரில் புழங்கின. மராத்தியர் கொண்டுவந்த ஹரிகதை முறை அங்கே வேர்பிடித்தது. ஒருவர் நின்று கதை சொல்வார், நடுநடுவே பாடுவார். பக்கத்தில் தாளமும் மிருதங்கமும் பின்பாட்டும் இருக்கும். இதையே நாம் கதாகாலட்சேபம் என்கிறோம். சாஸ்திரியார் அதை எடுத்துக் கிறிஸ்தவக் கதைக்குப் பயன்படுத்தினார். நோவாவின் கப்பல், நொண்டியின் மனமாற்றம், பெத்லகேமில் பிறந்த குழந்தை என்று பல கதைகள் அவர் வாயில் தமிழ் இசையாயின. ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஜெபமாலை, பெத்லகேம் குறவஞ்சி எனத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் எழுதியதாகக் கணக்கிடுகிறார்கள். மக்கள் அவரைச் சுவிசேடக் கவிராயர் என்றார்கள்.

அவருடைய பாட்டு முதலில் புத்தகமாகப் பரவவில்லை. பாடிப் பாடித்தான் பரவியது. தஞ்சையிலும் பிற ஊர்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் அவரை அழைத்துப் பாடக் கேட்டன. வளர்ப்பு மகள் ஞானதீபமும் அவரோடு சேர்ந்து பாடினார். பெண்கள் பொதுவில் பாடுவதைக் குறைவாக நினைத்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பாட்டைக் கேட்டே வேதக் கதைகளை மனப்பாடம் செய்தார்கள். அவர் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காலட்சேபத்தைத் தொடர்ந்து நடத்தி வருகிறார்கள்.

குறத்தியின் வாயில் வேதம்

அவருடைய நூல்களில் பெயர் பெற்றது பெத்லகேம் குறவஞ்சி. 1800-ஐ ஒட்டி எழுதப்பட்டது. குறவஞ்சி என்பது அந்தக் காலத்தில் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடப்பட்ட நாடக வகை. தலைவி ஒருத்தி காதலில் வாடுவாள். மலையிலிருந்து குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள். பிறகு அவளுடைய சிங்கன் அவளைத் தேடி வருவான். மன்னர் சரபோஜியையே தலைவனாக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் ஒரு குறவஞ்சி பாடினார்; அது தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. மன்னர் தம் தெய்வத்தின் பேரில் பாடச் சொன்னபோது சாஸ்திரியார் பணிவோடு மறுத்துவிட்டார் என்றும், மன்னர் அதற்காக அவரைக் கோபிக்கவில்லை என்றும் ஒரு வழக்கு சொல்லப்படுகிறது.

சாஸ்திரியாரின் குறவஞ்சியில் தலைவன் இயேசு. தலைவி சீயோன் மகளான தேவமோகினி. விசுவாசமே குறத்தி உருவில் வந்து குறி சொல்கிறது. நாடு, மலை, ஆறு என்று குறத்தி வர்ணிக்கும் பழைய மரபுக்குள் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற புதிய வானியலையும் உலகப் பூகோளத்தையும் அவர் நுழைத்தார். இன்றைக்கு யோசித்தாலும் வியப்பான காரியம்.

நாம் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே வாழ்ந்த, குறி சொல்லிப் பிழைத்த ஒரு பெண்ணின் வாயில் தம் வேதத்தின் மிக உயர்ந்த செய்தியை வைத்தவர் சாஸ்திரியார். பாட்டில் அவளுக்குக் கிடைத்த இடம் பெரியது. நிஜத்தில் தஞ்சைக் கோயிலுக்குள் அவளைப் போன்றவர்களுக்கும் பறையர் கிறிஸ்தவர்களுக்கும் கிடைத்த இடம் என்ன?

பக்கம் பிரிந்த கோயில்

தஞ்சைச் சீமையில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் ஊன்றியதில் ஒரு பறையரின் உழைப்புப் பெரியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவர் பெயர் ராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் சேவகர். 1720-களின் கடைசியில் தமிழில் அச்சான வேதப் புத்தகத்தைப் படித்து மனம் மாறினார். வேலையை விட்டு உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். அடியும் உதையும் வாங்கினார். ஆனால் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்படவில்லை. பறையர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று மிஷனாரிகள் தயங்கினார்கள். 1733-ல் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்ற ஆரோன் ஒரு வெள்ளாளர். ராஜநாயக்கன் 1771-ல் உபதேசியாராகவே இறந்தார்.

சாஸ்திரியார் வளர்ந்தது இப்படிப்பட்ட சபையில்தான். கோயிலுக்குள் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். நற்கருணைப் பாத்திரம் வெள்ளாளருக்கு முதலில், பறையருக்குப் பிறகு. சுவார்ட்ஸ் போன்ற பழைய மிஷனாரிகள் இதை மெதுவாகத்தான் மாற்ற முடியும் என்று விட்டுவைத்தார்கள். கோயிலுக்குள்ளேயே இந்த நிலை என்றால், பாட்டு நடந்த வெள்ளாளர் வீட்டுக் கூடத்தில் நம் முன்னோருக்கு எந்த இடம் கிடைத்திருக்கும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

1820-களில் புதிய மிஷனாரிகள் வந்தார்கள். தஞ்சையில் ஹௌப்ரோ என்பவர் பொறுப்பேற்றார். எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே வரிசையில் நற்கருணை வாங்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். சாதியைத் திருத்துவது பைத்தியக்காரத்தனம் என்ற பொருளில் 1829-ல் ஒரு நூலே எழுதினார். சாதி என்பது உலக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர் தரப்பின் வாதம். வெள்ளைக்காரர்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு, அதை விட்டுவிட்டு எங்களைத் திருத்த வருகிறார்கள் என்றும் அந்தத் தரப்பினர் சொன்னார்கள். இதே வாதத்தை 200 ஆண்டுகள் கழித்து நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் சாஸ்திரியாரின் குறை அத்தோடு நிற்கவில்லை. புதிய மிஷனாரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் நான்கைச் சொன்னார். மக்கள் மனப்பாடமாக வைத்திருந்த பழைய தமிழ் வேதாகமத்தைத் திருத்தியது ஒன்று. சாதிகளைக் கலந்து உட்கார வைத்தது இரண்டாவது. கல்யாணத்திலும் சாவிலும் பூமாலையைத் தடுத்தது மூன்றாவது. ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் தமிழ் இசையையும் நிறுத்தியது நான்காவது.

இந்தப் பட்டியலை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். பூமாலையைத் தடுத்ததும் தமிழ்ப் பாட்டை நிறுத்தியதும் அநியாயம்தான். தம் ஊர் ராகம் மட்டும்தான் கடவுளுக்குப் பிடிக்கும் என்று நினைத்த வெள்ளைக்காரரின் அகந்தை அது. அதை எதிர்த்த சாஸ்திரியார் சரியான பக்கத்தில் நின்றார். அவர் அப்படி நிற்காமல் போயிருந்தால் நாம் இன்று தமிழ்க் கீர்த்தனை பாடிக்கொண்டிருப்போமா என்பது சந்தேகமே. ஆனால் அதே பட்டியலில், அதே மூச்சில், பறையர் பக்கத்தில் உட்காருவதையும் கொடுமை என்று சேர்த்தார். தமிழ்ப் பண்பாடு என்ற ஒரே மூட்டைக்குள் பாட்டும் இருந்தது, தீண்டாமையும் இருந்தது. மிஷனாரிகள் மூட்டையோடு தூக்கி எறியச் சொன்னார்கள். சாஸ்திரியார் மூட்டையோடு காக்கப் பார்த்தார். மூட்டையைப் பிரித்து, பாட்டை எடுத்துக்கொண்டு தீண்டாமையை எறியலாம் என்று அந்தச் சண்டையில் யார் சொன்னார்கள்? பறையர் கிறிஸ்தவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர்களைக் கேட்கத்தான் ஆளில்லை.

சண்டையின் முடிவில் சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். பழைய நண்பர் சரபோஜி ஆதரித்தார். 1832-ல் மன்னரும் இறந்துபோனார். 1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே முழுதாக விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். அது சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் வாசிக்கப்பட்டபோது சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பின்னால் வந்த லீப்சிக் மிஷன் சாதி வழக்கத்துக்கு இடம் கொடுத்ததால் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சாஸ்திரியார் கடைசிவரை எழுதினார், பாடினார். 1864 ஜனவரி 24 அன்று தஞ்சையில் 89 வயதில் காலமானார்.

நமக்கு இதில் என்ன?

இது பழங்கதை என்று தள்ளிவிட நம் மாவட்டத்துக்காரர்களால் முடியாது. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்ட எறையூரில், 2008 மார்ச் மாதத்தில் நடந்தது நினைவிருக்கும். ஒரே வேதத்தைப் படிக்கிற, ஒரே பாட்டைப் பாடுகிற கத்தோலிக்கர்களுக்குள் தலித் என்றும் சாதிக்காரர் என்றும் பிரிந்து மோதல் வெடித்தது. தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்கும் அளவுக்குப் பாகுபாடு முற்றியிருந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. தஞ்சையில் 1829-ல் பேசித் தீராதது 180 ஆண்டு கழித்து இங்கே வந்து வெடித்தது.

அப்படியானால் சாஸ்திரியார் பாட்டை நாம் பாடலாமா, கூடாதா? நம் இளைஞர்கள் சிலர் இதைக் கோபத்தோடு கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் ஒன்று சொல்வோம். அந்தப் பாட்டை 200 ஆண்டாக உயிரோடு வைத்திருப்பதில் நம் பாட்டிகளுக்கும் பங்கு உண்டு. உப்பு வாரி வெடித்த காலோடு வந்து, மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் பாடிக் கொடுத்தவர்கள் அவர்கள். வெள்ளாளர் வீட்டுக் கூடத்தில் பிறந்த பாட்டைக் காலனிக்குக் கொண்டுவந்து நம் வீட்டுப் பாட்டாக்கியது அவர்களுடைய உழைப்பு. அதை யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. சாஸ்திரியார் காத்த தமிழ் இசைக்குள் பறைக்கு இடமில்லை. அவர் எடுத்துக்கொண்டது அரண்மனைத் தஞ்சாவூரின் ராகங்களையும் புலவர் தமிழையும். சேரியின் தாளம் வெளியே நின்றது. மதம் மாறிய நம் ஆட்களே பல ஊர்களில் பறையை அவமானச் சின்னம் என்று கீழே வைத்தார்கள். அதற்கும் காரணம் உண்டு, கூலியில்லாமல் சாவுக்கு அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதை யார் மறப்பார்கள்?

அந்தத் தாளத்தைத் திரும்ப எடுத்து ஆராதனைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பரட்டை அண்ணன். இயற்பெயர் ஜேம்ஸ் தியோஃபிலஸ் அப்பாவு. 1940-ல் பிறந்தவர், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர், தலித். கீர்த்தனையும் மேல்நாட்டு இசையும் நன்றாகத் தெரிந்தும், கிராமியப் பாட்டே விடுதலைப் பாட்டு என்று முடிவு செய்தார். வயலில் நடவு நடுகிறவர் பேசும் தமிழிலேயே வழிபாட்டு முறை ஒன்றை முழுதாக இசையமைத்தார். கடவுளை ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்காமல் பெத்தவர் என்று அழைத்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நற்கருணையின் பொருள் என்று கற்பித்தார். கற்றுக்கொண்டவர்கள் தங்கள் ஊருக்கேற்ப வரியை மாற்றிப் பாடினால் மகிழ்ந்தார். 2005-ல் அவர் காலமானார். அமெரிக்க ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவருடைய இசையைப் பற்றி 2014-ல் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். நம் காலனிகளில் அவர் பெயர் இன்னும் போதுமான அளவு தெரியவில்லை.

சாஸ்திரியார் தமிழில் பாடும் உரிமைக்காக நின்றார். பரட்டை அண்ணன் அந்தத் தமிழுக்குள் சேரிக்கும் இடம் உண்டு என்று காட்டினார். முதலாமவர் விட்டுப்போன வேலையை இரண்டாமவர் செய்தார். இருவரையும் படிக்கிற மாணவருக்குத்தான் முழுக்கதையும் விளங்கும்.

இந்த டிசம்பரிலும் மழைக்கு நடுவே பாட்டுக் குழு புறப்படும். சாஸ்திரியார் பாட்டையும் பாடுங்கள். பாடி முடித்ததும் எழுதியவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ராஜநாயக்கன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த பாட்டுக்குப் பறையை எடுங்கள். காலனியோடு நின்றுவிடாமல் ஊர்த்தெருவிலும் போய்ப் பாடுங்கள். எந்த வாசல் திறக்கிறது, எங்கே தேநீர் எந்த டம்ளரில் வருகிறது என்று கவனித்து வாருங்கள். தஞ்சைக் கோயிலில் தொடங்கிய கேள்விக்கு நம் ஊர் இன்றைக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்பது அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும்.